கெக்கில் பீர், கேஸ், நுரை: புதிதாகத் தொடங்குபவர்கள் கேட்டவையும் என் பதில்களும்

கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. பஸ்ஸின் பெயர்ப்பலகை மலையாளத்தில் இருக்கும், உள்ளே டிக்கெட் கேட்பது தமிழில் நடக்கும். மெல்பர்னில் பதினோரு ஆண்டுகள் இருந்தபோது வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் பீர் காய்ச்சி, கெக்கில், அதாவது கேஸ் (கரியமில வாயு) ஏற்றிப் பானத்தை வைக்கும் எஃகு உருளையில், நிரப்பப் பழகினேன். ஊர் திரும்பியபின் அதே கெக்குகளில் இஞ்சி சோடாவும் நன்னாரியும் ஓடுகின்றன. மச்சானின் சோடாக் கடை அடுத்த தெருவில் இருப்பதால் கேஸுக்குப் பஞ்சமில்லை. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இன்று ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். முதல் கெக் வாங்கியதும் நேரம் காலம் பார்க்காமல் போன் செய்துவிடுவார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை எழுதி வைத்துவிட்டால் இரவில் கொஞ்சம் தூங்கலாம் என்று உட்கார்ந்தேன்.

சித்தப்பா, லீவுக்கு வரும்போது இதை ஊரிலேயே செய்து பார்க்கலாமா?

பீரைச் செய்யக் கூடாது. கேரளத்தில் அப்காரி சட்டம் கொல்லம் ஆண்டு 1077 முதல், அதாவது 1902 முதல் இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டித் தோட்டத்து வீட்டில் செய்கிறேன் என்றால் அங்கே தமிழ்நாட்டின் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் காத்திருக்கிறது. "நானே காய்ச்சி நானே குடிக்கிறேன், யாருக்கு நஷ்டம்" என்ற வாதம் எல்லையின் இரண்டு பக்கமும் எடுபடாது.

நீ இருக்கும் நாட்டில் கதை வேறு. இங்கிலாந்தில் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் வேண்டும் என்ற விதி 1963இல் போய்விட்டது. அமெரிக்காவில் 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டப்படி வயதுவந்தவர் ஒருவர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 காலன், இருவர் இருந்தால் 200 காலன் வரை காய்ச்சிக்கொள்ளலாம், விற்க முடியாது. மாநிலச் சட்டத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்.

வீட்டில் நாம் குடிப்பதற்குத் தண்ணீரில் கேஸ் ஏற்றுவதை எந்த ஊரிலும் யாரும் தடுக்கவில்லை. ஆகவே கீழே பீர் என்று வரும் இடத்தில் ஊரில் இருப்பவர்கள் இஞ்சி சோடா என்று படித்துக்கொள்ளவும். கேஸுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கெக் என்று எதைச் சொல்கிறீர்கள்? கடையில் நாலைந்து வகை காட்டுகிறார்கள்.

வீட்டில் காய்ச்சுபவர்கள் சொல்வது பெரும்பாலும் கார்னி கெக். கார்னீலியஸ் என்ற நிறுவனப் பெயரின் சுருக்கம். துருப்பிடிக்காத எஃகால் ஆன உருளை, 19 லிட்டர் பிடிக்கும், தொடையளவு நிற்கும் உயரம். மேலே கை நுழையும் அளவுக்கு நீள்வட்ட மூடி. மூடிக்கு இரண்டு பக்கமும் இரண்டு முனைகள்: ஒன்றில் கேஸ் உள்ளே போகும், மற்றதில் பீர் வெளியே வரும். கேஸ் முனைக்குக் கீழே விரலளவுக் குழாய். பீர் முனைக்குக் கீழே அடிவரை போகும் நீளக் குழாய். இவ்வளவுதான் அதன் உள்ளே இருக்கும் ரகசியம்.

இது பீருக்காகப் பிறந்த பாத்திரமே அல்ல. குளிர்பான நிறுவனங்கள் கடைகளுக்குச் சர்க்கரைப் பாகு அனுப்பிய பாத்திரம். பெப்சி பயன்படுத்திய வகைக்கு பால் லாக் (ball lock) என்றும், கோகோ கோலா பயன்படுத்திய வகைக்கு பின் லாக் (pin lock) என்றும் பெயர். அவர்கள் பாகை அட்டைப்பெட்டிக்குள் வைத்த பைகளில் அனுப்பத் தொடங்கியதும் பழைய கெக்குகள் மலிவாக வெளியே வந்தன, வீட்டில் காய்ச்சுபவர்கள் அள்ளிக்கொண்டார்கள். எனக்கு இதில் ஒரு சின்னச் சிரிப்பு உண்டு. எங்கள் வீட்டிலிருந்து பிளாச்சிமடை பக்கம்தான். அங்கே 2000இல் தொடங்கிய கோகோ கோலா ஆலை, நிலத்தடி நீருக்காக மயிலம்மாவும் ஊர்க்காரர்களும் 2002இல் தொடங்கிய போராட்டத்துக்குப் பின், 2004இல் நின்றுபோனது. ஆலை போய்விட்டது, அதன் வகைப் பாத்திரம் என் வீட்டுத் திண்ணையில் நன்னாரியோடு நிற்கிறது.

புதிதாக வாங்குகிறாய் என்றால் பால் லாக் வாங்கு. உதிரிபாகம் எளிதாகக் கிடைக்கும். பழசு கைக்கு வந்தால் அதில் உள்ள ரப்பர் வளையங்கள் அத்தனையையும் முதல் நாளே மாற்றிவிடு. முந்தைய சர்க்கரைப் பாகின் வாசனை ரப்பரில் ஊறியிருக்கும், சோப்புப் போட்டாலும் போகாது.

வேறு என்னென்ன வேண்டும்?

கரியமில வாயு சிலிண்டர், அதன் மேல் கேஸின் அழுத்தத்தைக் குறைத்து அளவாக விடும் ரெகுலேட்டர், கேஸ் டியூப், பீர் டியூப், பீரைப் பிடிக்க ஒரு குழாய்த் திருகு (டேப்), இவற்றைக் கெக்கின் முனைகளில் மாட்டும் கனெக்டர் இரண்டு. சாம்பல் நிறம் கேஸுக்கு, கறுப்பு பீருக்கு. மாற்றி மாட்டிவிட்டால் கழற்றுவதற்குள் உயிர் போய்விடும், ஆகவே நிறத்தை மனப்பாடம் செய்துகொள். இதோடு கெக் நிற்கும் அளவுக்கு ஒரு ஃபிரிட்ஜ். பலர் கடைசியாக யோசிப்பது இந்த ஃபிரிட்ஜைத்தான். என்னைக் கேட்டால் அதை முதலில் வாங்கிவிட்டு மற்றதைத் தேடவேண்டும். ஏன் என்பது அடுத்த பதிலில்.

எத்தனை பவுண்டு வைக்க வேண்டும்? ஆளுக்கு ஒரு எண் சொல்கிறார்கள்.

பவுண்டு என்றால் பஞ்சர் கடையில் "முப்பது பவுண்டு அடிங்க" என்கிறோமே, அதே பவுண்டு. ஆளுக்கு ஒரு எண் சொல்வதற்குக் காரணம், எல்லோரும் அழுத்தத்தைச் சொல்கிறார்கள், எந்தச் சூட்டில் என்பதைச் சொல்வதில்லை.

கேஸ் குளிர்ந்த நீரில் கரையும், சூடான நீரிலிருந்து ஓடும். அழுத்தம் கூடினால் கரைவதும் அதே விகிதத்தில் கூடும் என்று மான்செஸ்டரைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி 1803இல் சொல்லிவிட்டார். அவருக்கும் முன்னால் 1767இல் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி ஒரு பீர் ஆலையின் நொதிக்கும் தொட்டிக்கு மேல் தண்ணீரைப் பிடித்துப் பார்த்து, அதில் கேஸ் ஏறுவதைக் கண்டார். ஆக சோடா பிறந்த இடமே பீர்த் தொட்டிதான். மச்சானிடம் சொன்னபோது நம்பவில்லை.

பீரில் எவ்வளவு கேஸ் என்பதை மடங்கில் சொல்வார்கள். ஒரு லிட்டர் பீரில் இரண்டரை லிட்டர் கேஸ் கரைந்திருந்தால் இரண்டரை மடங்கு. எடையில் பார்த்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 5 கிராம். லாகர், ஏல் என்ற சாதாரண பீர் வகைகளுக்கு இந்த இரண்டரை போதும். இங்கிலாந்துப் பாணி மந்தமான ஏலுக்கு ஒன்றரை, இரண்டே நன்றாக இருக்கும். ஜெர்மானியக் கோதுமை பீர் மூன்றரைக்குப் பக்கம் போகும். சோடாவும் மூன்றரை, நான்கு.

இப்போது சூட்டைக் கவனி. பீர் 4 டிகிரியில் இருந்தால் இரண்டரை மடங்குக்கு 12 பவுண்டு போதும். 20 டிகிரியில் அதே இரண்டரைக்கு ஏறக்குறைய 28 பவுண்டு வேண்டும். 30 டிகிரியில் 38. எங்கள் ஊரில் பங்குனி, சித்திரையில் நிழலிலேயே 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. அந்தச் சூட்டில் ஏற்றிய கேஸ் திருகைத் திறந்ததும் மேலே போய்விடும், டம்ளரில் வெறும் இனிப்புத் தண்ணீர் மிஞ்சும். ஃபிரிட்ஜை முதலில் வாங்கு என்றது இதற்குத்தான்.

ஃபிரிட்ஜ் தன் முகப்பில் காட்டும் எண்ணை நம்பாதே. ஒரு டம்ளர் தண்ணீரை ஒரு ராத்திரி உள்ளே வைத்து, காலையில் அதில் தெர்மாமீட்டரை விட்டுப் பார். அதுதான் உன் பீரின் சூடு. அதற்கு ஏற்றபடி பவுண்டை வை.

எத்தனை நாளில் குடிக்கலாம்? சனிக்கிழமை விருந்து இருக்கிறது, அண்ணா.

மூன்று வழி இருக்கிறது. முதலாவது, 4 டிகிரியில் 12 பவுண்டு வைத்துவிட்டு மறந்துவிடுவது. ஒரு வாரத்தில் குடிக்கலாம், பத்துப் பன்னிரண்டு நாளில் நன்றாக இருக்கும். தவறவே முடியாத வழி. கேஸ் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு ஏறி, தானே நின்றுவிடும்.

இரண்டாவது, நன்றாகக் குளிர்ந்த கெக்குக்கு 30 பவுண்டு வைத்து ஒரு நாள், அதிகம் போனால் ஒன்றரை நாள். பிறகு கேஸை மூடி, மூடியில் உள்ள சிறு இழுப்பு வளையத்தை இழுத்து மேலே தேங்கிய கேஸை வெளியேற்றிவிட்டு 12க்குக் கொண்டுவருவது. இன்று வியாழன் என்றால் உனக்கு இதுதான் வழி. கடிகாரத்தில் அலாரம் வைத்துக்கொள். மறந்து மூன்றாம் நாள் வந்து பார்த்தால் நுரை தவிர எதுவும் கிடைக்காது.

மூன்றாவது, குலுக்குவது. குளிர்ந்த கெக்குக்கு 30 பவுண்டு கொடுத்து, மடியில் படுக்கவைத்து ஐந்து நிமிடம் முன்னும் பின்னும் உருட்டினால் கேஸ் சரசரவென்று இறங்கும் சத்தம் ரெகுலேட்டரில் கேட்கும். பழைய கோலி சோடா மெஷினில் பாட்டில்களைக் கூண்டில் மாட்டிக் கையால் சுற்றுவார்களே, அது இதே வித்தைதான். கேஸும் தண்ணீரும் தொடும் பரப்பு கூடுவதால் சீக்கிரம் கரைகிறது. சோடாவுக்கு இது அருமை. பீரில் அளவு தெரியாமல் ஏறிவிடும், அடியில் படிந்த ஈஸ்டும் கலங்கிவிடும். விருந்தாளி வாசலில் நிற்கும்போது மட்டும் செய்யத் தகுந்தது.

இந்த மூன்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பீர் நொதித்து முடிந்திருக்க வேண்டும். பீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் மூன்று நாள் ஒரே எண் வருகிறதா என்று பார். முடிந்தபின் ஓரிரு நாள் பாத்திரத்தோடு குளிரில் வைத்தால் ஈஸ்ட் அடியில் இறங்கும். மேலே உள்ளதைக் குழாய் வைத்து, சலசலக்காமல் கெக்கின் அடியிலிருந்து நிரம்பும்படி மாற்று. காற்று கலந்தால் சில வாரங்களில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வரும். நிரப்பியதும் கேஸ் கொடுத்து, மூடியின் இழுப்பு வளையத்தை இழுத்து வெளியேற்று. நாலைந்து முறை இப்படிச் செய்தால் உள்ளே இருந்த காற்று பெரும்பாலும் போய்விடும்.

இரவு புது சிலிண்டர் மாட்டினேன், காலையில் காலி. சிலிண்டர்காரர் ஏமாற்றிவிட்டாரா?

அவரைத் திட்டுவதற்கு முன் சோப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வா. எனக்கும் முதல் மாதத்திலேயே இது நடந்தது. எல்லாவற்றையும் இறுக்கியாயிற்று, காது வைத்துக் கேட்டாயிற்று, ஒரு சத்தமும் இல்லை. பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து, பெயிண்ட் அடிக்கும் சின்ன பிரஷால் ஒவ்வொரு இணைப்பாகத் தடவிவிட்டு டார்ச் அடித்துக்கொண்டு குந்தியிருந்தேன். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு கேஸ் முனையின் அடியில் கடுகளவு ஒரு குமிழி எழுந்தது. மெல்ல மிளகளவு ஆனது. உடையாமல் தவளைக் கண் மாதிரி உப்பி நின்றது. கழற்றிப் பார்த்தால் குட்டைக் குழாயின் கழுத்தில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் பாதி அறுந்திருந்தது. அந்த வளையத்தின் விலைக்கு ஒரு டீ கூட வராது. போன கேஸோ இரண்டே கால் கிலோ.

அதிகம் ஒழுகும் இடம் பெரிய மூடி. நிரப்பியதும் 12 பவுண்டு மட்டும் கொடுத்தால் மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்காராது. முதலில் 25, 30 கொடுத்து "டப்" என்று உட்காரவிட்டு, பிறகு குறைத்துக்கொள். ரப்பர் வளையங்களுக்கு உணவுத் தர சிலிகான் கிரீஸ் தடவு. வாசலின் வேண்டாம், பெட்ரோலியம் ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

ரெகுலேட்டரின் பெரிய மீட்டரைப் பார்த்து சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று கணிக்க முடியாது. உள்ளே கேஸ் திரவமாக இருக்கிறது. கடைசிச் சொட்டுத் திரவம் இருக்கும்வரை 20 டிகிரியில் அந்த முள் 830 பவுண்டுப் பக்கமே நிற்கும், பிறகு சடாரென்று விழும். தராசில் நிறுத்துப் பார்ப்பதுதான் வழி. காலி எடை சிலிண்டரின் தோளில் பொறித்திருக்கும். ஒழுகல் இல்லாவிட்டால் இரண்டே கால் கிலோ கேஸ், ஏழெட்டு கெக்குக்கு ஏற்றி ஊற்றவும் காணும்.

டம்ளர் முழுக்க நுரைதான் வருகிறது, மாமா. அரை மணி நேரம் காத்திருந்தால் அடியில் ஒரு விரல் பீர் இருக்கிறது.

எனக்கு வரும் போன்களில் பாதி இதுதான். கேட்பவர்கள் எல்லோரும் செய்யும் முதல் காரியம் பவுண்டைக் குறைப்பது. 12ஐ 5 ஆக்குவார்கள். அன்று கொஞ்சம் சரியாகும். ஆனால் இரண்டு நாளில் பீரில் உள்ள கேஸ் வெளியேறிக் கெக்கில் பீருக்கு மேலே உள்ள காலி இடத்தில் தேங்கும், குழாயின் உள்ளேயே குமிழி கட்டும், நுரை முன்னைவிட மோசமாகும். பீர் சப்பென்று ஆகும், நுரையும் நிற்காது.

பீர் டியூப்பின் நீளத்தைப் பார். கெக்குக்குள் 12 பவுண்டு இருக்கிறது, வெளியே ஒன்றுமில்லை. அந்த 12ம் வழியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தால் பீர் அமைதியாக வந்து விழும். ஒரே இடத்தில் கரைந்தால் சீறும். நெல் வயலுக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீரை நடத்திக் கொண்டுபோவதும் மதகை ஒரேயடியாகத் திறந்துவிடுவதும் போல. உள்விட்டம் 5 மில்லிமீட்டர் உள்ள டியூப் 3 மீட்டர் இருக்கட்டும். கடைக்காரர் தருவது பெரும்பாலும் ஒன்றரை மீட்டர்தான், அழகாகச் சுருட்டி வைத்திருப்பார். சோடாவுக்கு 25 பவுண்டுக்கு மேல் வைக்கிறோம் என்பதால் என்னுடையது 6 மீட்டருக்கும் அதிகம். ஃபிரிட்ஜுக்குள் பாம்பு சுருண்ட மாதிரி கிடக்கிறது.

அடுத்தது குழாய்த் திருகின் சூடு. கெக் 4 டிகிரி, திருகு ஃபிரிட்ஜுக்கு வெளியே 34 டிகிரி என்றால் குளிர்ந்த பீர் சூடான இரும்பைத் தொட்டதும் கேஸைக் கக்கிவிடும். முதல் டம்ளர் மட்டும் நுரை, இரண்டாவது சரி என்றால் காரணம் இதுதான். திருகோடு டியூப்பையும் ஃபிரிட்ஜுக்குள்ளேயே வைத்துக்கொள், கதவைத் திறந்து பிடி. மெல்பர்ன் கொட்டகையில் குளிர்காலத்தில் எனக்கு இந்தத் தொல்லை இருந்ததே இல்லை, ஜனவரி வெயில் வந்ததும் வந்தது.

திருகைப் பாதி திறக்காதே. நுரை பயத்தில் எல்லோரும் மெல்லத் திறப்பார்கள், பாதி திறந்த வாயில் பீர் சிதறி நுரைக்கும். டம்ளரைச் சாய்த்துப் பிடித்து, ஒரே வேகத்தில் முழுக்கத் திற.

இத்தனையும் செய்தும் நுரை என்றால் கேஸ் உண்மையிலேயே அதிகம் ஏறிவிட்டது. கேஸ் டியூப்பைக் கழற்று. மூடியின் இழுப்பு வளையத்தை இழுத்து வெளியேற்று, சில மணிக்கு ஒருமுறை மறுபடி இழு. ஒரு நாளில் இறங்கிவிடும்.

கேஸ் சிலிண்டர் இல்லாமல் சர்க்கரை போட்டு ஏற்ற முடியாதா?

முடியும். பாட்டிலில் அடைப்பவர்கள் செய்வதும் அதுதான். 19 லிட்டருக்குப் பாட்டில் என்றால் ஏறக்குறைய 120 கிராம் சர்க்கரை, கெக் என்றால் அதில் பாதிக்குச் சற்று மேல். கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றி, அறைச் சூட்டில் இரண்டு வாரம் விட்டால் மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று கேஸ் ஆக்கும். ஆனால் கெக்கிலிருந்து பீரை வெளியே தள்ளவும் கேஸ் வேண்டுமே. சிலிண்டர் எப்படியும் வாங்கத்தான் போகிறாய்.

அப்படியானால் நம் ஊர்க் கள்ளைக் கெக்கில் அடைத்தால்?

சித்தூர்க்காரன் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு வராமல் இருக்காது. இந்தத் தாலுகாவின் தென்னந்தோப்புகளிலிருந்துதான் கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் போகிறது. கள்ளில் தானாகவே கேஸ் இருக்கிறது, கலயத்தில் பொங்குவதைப் பார்த்திருப்பாய். அது நொதித்து முடியாத பானம். மரத்திலிருந்து இறக்கிய பின்னும் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. அடைத்து வைத்தால் அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது, சுவை மறுநாளே புளித்துவிடும். கள் கடைக்கு உரிமம் இருக்கிறது, உனக்கு இல்லை என்பது தனி. விட்டுவிடு.

கெக்கை எப்படிக் கழுவுவது? பிளீச்சிங் பவுடர் போட்டால் சுத்தமாகுமே.

கெக்கே போய்விடும். குளோரின் துருப்பிடிக்காத எஃகையும் ஊசிக் குத்தலாக அரிக்கும். அந்தக் குழியில் கிருமி குடியேறினால் எதனாலும் எடுக்க முடியாது. பீர் காய்ச்சுபவர்களுக்கென்று விற்கும், கழுவுவதற்கான காரத் (ஆல்கலி) தூளை வெந்நீரில் கரைத்து ஊறவிடு, நன்றாக அலசு. பிறகு பாஸ்பாரிக் அமிலம் கலந்த கிருமிநாசினி, 19 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி. அதை அலச வேண்டியதில்லை. நுரை மிஞ்சியிருந்தாலும் பயமில்லை. மாதத்துக்கு ஒருமுறை இரண்டு முனைகளையும் ஸ்பேனரால் கழற்றி நீளக் குழாயின் உள்ளே பிரஷ் விடு. அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்தபின் தவறாமல் செய்வாய். பீர் டியூப்பையும் கெக் மாறும்போதெல்லாம் கழுவு, அழுக்கு டியூப்பும் நுரைக்கும்.

எங்கள் பக்கம் போர்வெல் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும். அலசிக் காயவிட்டால் கெக்கின் உள்ளே வெள்ளையாகப் படியும். கொஞ்சம் வினிகர் கலந்த வெந்நீர் போதும், அது போய்விடும்.

சிலிண்டர் வெடிக்குமா? அம்மா வீட்டுக்குள் வைக்கவே விடமாட்டேன் என்கிறார்கள்.

அம்மா சொல்வதில் பாதி சரி. கரியமில வாயு தீப்பிடிக்காது. வெயிலும் அடைத்த அறையும்தான் அபாயம். 31 டிகிரியைத் தாண்டினால் சிலிண்டருக்குள் இருக்கும் கேஸ் திரவமாகவே இருக்க முடியாது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் வேகமாக ஏறும். பெரும்பாலான சிலிண்டர் வால்வில் ஒரு பாதுகாப்புத் தகடு உண்டு, எல்லை மீறினால் அது கிழிந்து கேஸ் முழுவதும் வெளியேறும். வெயிலில் நிறுத்திய காருக்குள் சிலிண்டரை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதே. மாட்டியிருக்கும்போது நிமிர்த்தியே வை, சங்கிலியால் கட்டு. படுக்க வைத்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் போய் அதைக் கெடுக்கும்.

காற்றைவிட இந்தக் கேஸ் ஒன்றரை மடங்கு கனம், ஒழுகினால் தரையோடு தேங்கும். ஜன்னல் இல்லாத சின்ன அறையில், நிலவறையில் வைக்காதே. அந்த அறையில் காரணமில்லாமல் தலை வலித்தால், மூச்சு வாங்கினால், ஒழுகல் எங்கே என்று தேடிக்கொண்டு நிற்காதே. முதலில் வெளியே வா.

பழைய தீயணைப்பு சிலிண்டரை மாற்றிக்கொள்ளலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். கூடாது. அதற்குள் அடிவரை ஒரு குழாய் இருக்கும், கேஸுக்குப் பதில் திரவத்தை வெளியே தள்ளுவதற்காகவே வைத்தது. வெல்டிங் பட்டறைக் கேஸும் வேண்டாம், பல நேரம் அதில் ஆர்கான் கலந்திருக்கும். உணவுத் தரம் என்று கேட்டு வாங்கு.

ஊரில் இருக்கிறோம், கெக் வாங்க வசதியில்லை. சோடா மட்டும் போதும்.

இரண்டு லிட்டர் குளிர்பான பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று, அதன் வாயில் திருகும் கேஸ் மூடி ஒன்று, சிலிண்டர், ரெகுலேட்டர். முக்கால் பாட்டில் ஐஸ் தண்ணீர் ஊற்று. பாட்டிலை நசுக்கிக் காற்றைப் பிழிந்துவிட்டு மூடியைத் திருகு. 35 பவுண்டு கேஸ் கொடு, உப்பி விறைக்கும். ஒரு நிமிடம் குலுக்கு, ஃபிரிட்ஜில் வை. முடிந்தது. கண்ணாடிப் பாட்டிலில் இதைச் செய்யவே கூடாது. இங்கிலாந்தின் ஹைரம் காட் 1872இல் காப்புரிமை பெற்ற கோலி பாட்டில் அவ்வளவு தடிமனாக இருந்ததற்குக் காரணம் இருக்கிறது.

இஞ்சி, நன்னாரி கெக்கில் போட்டால் அடைத்துக்கொள்கிறதே?

நார்தான். இஞ்சிச் சாற்றை வெள்ளை வேட்டித் துணியில் இருமுறை வடிகட்டி, ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் எடு. முனைக்குள் உள்ள சின்ன வால்வில் ஒரு நார் சிக்கினால் போதும், மூடாமல் ஒழுகிக்கொண்டே இருக்கும். நன்னாரியைப் பாகாகவே டம்ளரில் ஊற்றி, கெக்கில் வெறும் சோடாவை வைத்துக்கொள்வது நல்லது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு கெக் வீணானது. எலுமிச்சையும் அப்படியே, கடைசியில் பிழி.

முதல் டம்ளர் கலங்கலாக, ஈஸ்ட் வாசனையோடு வருகிறது. பீர் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. நீளக் குழாயின் நுனி அடியில் இருக்கிறது, அங்கே படிந்த ஈஸ்ட்தான் முதலில் ஏறி வருகிறது. ஒன்றிரண்டு டம்ளர் ஊற்றிக் கொட்டிவிடு, மூன்றாவது தெளிவாக வரும். அதற்குப் பிறகு கெக்கை நகர்த்தாதே. நண்பன் வீட்டு விருந்துக்குக் காரில் ஏற்றிக்கொண்டு போகிறாய் என்றால் முந்தைய நாளே போய் இறக்கிவைத்துவிட்டு வா.